கையெழுத்தில்லாத படம்

அடி அண்ணாமலையில் கடைகளுக்குப் பெயர்ப்பலகை எழுதுகிறவர் சந்திரகலா. ஆனால் தை பிறந்ததும் ஒருநாள் எல்லா வேலையையும் ஒதுக்கிவிட்டு, ஏரிக்கரையில் அதே இடத்தில் உட்கார்ந்து, தகரத்தில் எனாமல் பெயிண்டால் மலையை வரைவார். பத்தொன்பது வருஷமாக இந்தப் பைத்தியம். மலை இருந்த இடத்தில்தான் இருக்கிறது. அடிவாரம்தான் வருஷத்துக்கு ஒரு வேஷம் போடுகிறது. கரிந்து கிடந்த சரிவில் மரம் வந்தது, நெல் வயலில் லாட்ஜ் வந்தது. அத்தனையும் படத்தில் இருக்கும்.

"அந்த கரண்டு கம்பத்த மட்டும் வுட்டுடுங்களேன்" என்று கேட்டால், "போயி பாருங்க, கம்பம் இல்லன்னா நானும் வுட்டுடறேன்" என்பார். வாய் ஜாஸ்தி என்று பேர். கை பொய் சொல்லாது என்றும் பேர். இரண்டாவது பேரில் அவருக்குக் கொஞ்சம் கர்வமே உண்டு.

அந்தக் கை ஒரே ஒருமுறை பொய் சொன்னது. ஆறு வருஷத்துக்கு முன்னால் மனை வியாபாரி பலராமன் தன் ஆபீஸுக்கு அந்த வருஷத்துப் படத்தைக் கேட்டார். மலைத் தண்ணீரை ஏரிக்குக் கொண்டுவரும் கால்வாயைக் காட்டி, "சாக்கடை மாதிரி இருக்குதுங்க, எடுத்துடுங்க" என்றார். மகள் கீதாஞ்சலியின் கல்யாண வேலை தலைக்கு மேல் கிடந்தது. வாதாட நேரமில்லாமல், கையில் அகப்பட்ட போஸ்டர் கலரில் பச்சையைக் குழைத்துக் கால்வாயின் மேல் பூசிக் கொடுத்துவிட்டார். கையெழுத்துப் போட மட்டும் மனசு வரவில்லை.

மற்ற வருஷத்துப் படங்களையெல்லாம் பௌர்ணமிக்கு வந்தவர்கள் வாங்கிப் போய்விட்டார்கள். ஊரில் மிஞ்சியது இந்த ஒன்றுதான்.

இந்த வருஷம் பலராமன் கால்வாயில் மண்ணைக் கொட்டி மனை பிரித்தார். ஏரியை நம்பிப் பயிர் வைக்கும் இருசப்பன் மனு கொடுக்க, தாசில்தார் நேரில் வந்தார். கூடிய கூட்டத்தில் சந்திரகலாவும் நின்றார். பலராமன் நிதானமாகக் காரிலிருந்து படத்தை இறக்கினார்.

"இந்தம்மா எதையும் வுடாம வரையறவங்கன்னு ஊருக்கே தெரியும். இதுல கால்வா எங்கங்க இருக்குது?"

இருசப்பன் முகம் செத்துப்போனது. "நீயாம்மா வரைஞ்ச?"

வாயை மூடிக்கொண்டால் பேர் நிற்கும், ஏரி போய்விடும்.  சந்திரகலா யோசிக்க நேரம் எடுத்துக்கொள்ளவில்லை.

"நான்தான் வரைஞ்சேன். அதுல பொய்யும் வரைஞ்சேன்" என்றார், எல்லோருக்கும் கேட்கும்படி.

இருசப்பனின் கையிலிருந்த தண்ணீர் பாட்டிலைப் பிடுங்கி முந்தானையை நனைத்துப் படத்தைத் தேய்த்தார். பச்சை கரைந்து வழிந்தது. அடியில் காய்ந்து இறுகியிருந்த எனாமலில், மலையடியிலிருந்து ஒற்றைப் பனையை ஒட்டி ஏரிவரைக்கும், கால்வாய் நீலமாக ஓடியது. தாசில்தார் படத்துப் பனையையும் எதிரே நின்ற பனையையும் மாறிமாறிப் பார்த்தார்.

"அந்தப் பனைகிட்டருந்து தோண்டச் சொல்லுங்க" என்றார் உடன் வந்த ஊழியரிடம்.

"என் படத்த கெடுத்துட்டீங்களே!" என்று கத்தினார் பலராமன்.

"கெடுக்கலீங்க. இன்னிக்குத்தான் முடிச்சேன்."

சந்திரகலா தாசில்தாரிடம் மார்க்கரை வாங்கி, படத்தின் ஓரத்தில் கையெழுத்துப் போட்டார்.