தண்ணீர் குடிக்கவிடாத சேவல்

அறுபதுகளின் தொடக்கத்தில், ஒரு கோடை ஆரம்பிக்கும் நேரத்தில், ஆயக்குடியிலிருந்து திண்டுக்கல்லுக்கு மருமகளாக வந்தேன். என் அத்தா, அதாவது அப்பா, கொய்யாத் தோப்புகளைக் குத்தகைக்கு எடுத்து நடத்தியவர். தோப்புக் கிணற்றில் குளித்து வளர்ந்த பெண்ணைத் தண்ணியில்லாக் காட்டுக்குக் கொடுக்கிறாரே என்று சொந்தக்காரர்கள் சடைத்துக்கொண்டார்கள். மாப்பிள்ளைக்குத் தோல் மண்டியில் வேலை, ஒரு கெட்ட பழக்கம் கிடையாது என்று சொல்லி அத்தா அவர்கள் வாயை அடைத்துவிட்டார்.

வீட்டில் நான், என் வீட்டுக்காரர், அவருடைய அம்மா, ஆக மூன்றே பேர். மாமியாரை எங்களில் மாமி என்றுதான் கூப்பிடுவோம். இது போக ஒரு சேவல் இருந்தது.

அந்தச் சேவலால் யாருக்கு என்ன லாபம் என்று எனக்கு விளங்கவே இல்லை. முந்தின வருடம் கழிச்சல் வந்து மாமி வளர்த்த கோழிகளெல்லாம் செத்து, இது ஒன்றுதான் பிழைத்ததாம். பெட்டையே இல்லாத வீட்டில் சேவல் எதற்கு? முட்டையும் இடாது, அடையும் காக்காது. மாமியின் மடியில் ஏறி உட்கார்ந்து குருணை தின்னும், அவ்வளவுதான். அறுத்துக் குழம்பு வைக்கலாமே என்று பக்கத்து வீட்டில் கேட்டால், சம்பந்தி வரட்டும் என்பார் மாமி. என் அத்தா வந்தார். மாமி வேறு கோழி வாங்கிக் குழம்பு வைத்தார்.

அந்தக் காலத்து வீடுகளில் கக்கூஸ் கொல்லையின் கடைசியில் இருக்கும். பின்வாசலுக்கும் அதற்கும் நடுவில் உள்ள இடம் முழுவதும் சேவலின் ராஜ்ஜியம். நான் வந்த மறுநாளே பறந்து வந்து கெண்டைக்காலில் உதைத்தது. அதன் கால் முள் பட்டு ரத்தம் வந்துவிட்டது. மாமி மஞ்சளை வைத்துவிட்டு, புது ஆளில்லையா, போகப் போகப் பழகிவிடும் என்று சிரித்தார். ராத்திரி என் வீட்டுக்காரரிடம் சொன்னேன். ஆயக்குடிக்காரி போயும் போயும் ஒரு சேவலுக்கா பயப்படுகிறாய் என்று அவரும் சிரித்தார். எனக்கு ரோஷம் வந்துவிட்டது. அதற்கப்புறம் அந்தப் பேச்சையே எடுக்கவில்லை.

கம்பு எடுத்துப் போய்ப் பார்த்தேன். கம்பைக் கண்டால் அதற்கு இன்னும் வெறி ஏறியது. மாமி கொல்லையில் நின்றால் மட்டும் தலையைக் குனிந்துகொண்டு நல்ல பிள்ளையாக மேயும். கடைசியில் நானே ஒரு வழி கண்டுபிடித்தேன். விடியுமுன் அது பஞ்சாரக் கூடைக்குள் அடைந்து கிடக்கும்போதே போய் வந்துவிடுவது, அப்புறம் பொழுது சாய்ந்து மாமி கூடையை அதன் மேல் கவிழ்த்து மூடிய பிறகு போவது. நடுவில் போகாமல் இருக்கவேண்டுமென்றால் தண்ணீர் குடிக்கக் கூடாது. குடிக்காமலே பழகினேன். ஊரை ஒட்டி நிற்கும் மலைப்பாறை பகலெல்லாம் காய்ந்து ராத்திரியும் அனலாக வீசும் காலம் அது.

எங்கள் கிணற்றுத் தண்ணீர் உப்பு. குடிதண்ணீருக்குத் தெருக்குழாயில் சண்டை போட்டுத்தான் பிடிக்கவேண்டும். நான் தண்ணீர்ப் பானைப் பக்கமே போகாததை மாமி கவனித்திருக்கிறார். சிக்கனம் என்று நினைத்துவிட்டார். குழாயடியில் எல்லோர் முன்னாலும், "எம் மருமக தண்ணி அருமை தெரிஞ்ச புள்ள. ஒரு செம்புத் தண்ணியில பகலை ஓட்டிருவா" என்று பெருமை பேசினார். மற்ற வீட்டு மாமியார்கள் தங்கள் மருமகள்களை ஒரு பார்வை பார்த்தார்கள். இனி நான் எங்கே போய் உண்மையைச் சொல்ல? கெட்ட பேரோடு வாழ்ந்துவிடலாம் போலிருக்கிறது, நல்ல பேரைக் காப்பாற்றுவதுதான் பெரும்பாடு.

கொஞ்ச நாளில் நீர்க்கடுப்பு வந்தது. புதுப்பெண் யாரிடம் சொல்வது? பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தேன். இடுப்பு வலித்தது, அப்புறம் குளிர் காய்ச்சல். ஒரு நாள் அம்மியில் அரைத்துக்கொண்டிருந்தவள் அப்படியே சாய்ந்துவிட்டேன். மாமி ஜட்கா வண்டி பிடித்து டாக்டரம்மாவிடம் கொண்டுபோனார்.

டாக்டரம்மா வயிற்றை அமுக்கிப் பார்த்துவிட்டு, எவ்வளவு தண்ணீர் குடிப்பாய் என்று கேட்டார். நான் வாயைத் திறப்பதற்குள் மாமி முந்திக்கொண்டு, அவள் தண்ணீரே கேட்கமாட்டாள் என்று, அப்போதும் பெருமையாகத்தான் சொன்னார். டாக்டரம்மா நிமிர்ந்து மாமியைப் பார்த்தார்.

"ஏம்மா, வந்த பொண்ணுக்குத் தண்ணி கூடவா குடுக்கமாட்டீங்க?"

மாமியின் முகம் செத்துப்போனது. என் மேல் வைத்த ஆசையில் ஊரெல்லாம் பெருமை பேசிய மனுஷி, மருமகளுக்குத் தண்ணீர் தராத மாமியாராக நின்றுகொண்டிருந்தார். எனக்குப் பொறுக்கவில்லை. அழுதுகொண்டே சேவல் கதையைச் சொல்லிவிட்டேன். டாக்டரம்மா சிரிப்பார் என்று நினைத்தேன். சிரிக்கவில்லை. இன்னும் சில நாள் விட்டிருந்தால் சிறுநீரகம் கெட்டிருக்கும் என்று சொல்லி மருந்து கொடுத்தார்.

சாயந்தரம் என் வீட்டுக்காரரும் மாமியும் சேவலை என்ன செய்வதென்று பேசிக்கொண்டார்கள். விற்றுவிடலாம், இல்லாவிட்டால் வடமதுரையில் அவருடைய மாமா வீட்டுக்கு அனுப்பிவிடலாம், அங்கே பெரிய கொல்லை என்றார் அவர். சேவல் சாகாமலிருக்க ஒரு வழி கிடைத்ததே என்று எனக்கும் நிம்மதியாக இருந்தது. மாமிதான் ஒத்துக்கொள்ளவில்லை.

"எங்க குடுத்தாலும் அங்கயும் ஒரு மருமக இருப்பால்ல. அவ வந்து உங்கிட்டச் சொல்லுவாளா?"

மறுநாள் அவர் மண்டிக்குப் போன பிறகு, மாமி சேவலைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, கையில் கத்தியோடு வாசலில் போய் நின்றார். எங்கள் முஸ்லிம் வீடுகளில் பெண்கள் அறுக்கமாட்டார்கள். தெருவில் போகிற நம்மவர் யாரையாவது நிறுத்தி, அல்லாஹ் பேரால் பிஸ்மி சொல்லி அறுத்துத் தரச் சொல்வார்கள். நான் படுத்திருந்த கட்டிலிலிருந்து வாசல் தெரிந்தது. குருணை கிடைக்கும் என்று நினைத்ததோ என்னவோ, அது சத்தமில்லாமல் அவர் கையில் இருந்தது. அவர் அதன் கழுத்தைத் தடவிக்கொண்டே இருந்தார். சைக்கிளில் வந்த ஒரு பெரியவர் இறங்கி, நல்ல சேவலாக இருக்கிறதே, வீட்டில் வளர்த்ததா என்று கேட்டார்.

"ஆமாங்க. அறுங்க" என்றார் மாமி.

அந்தக் கறியில் மிளகு தட்டிப்போட்டு எனக்கு ரசம் வைத்துக் கொடுத்தார். அவர் சாப்பிடவில்லை. கேட்டதற்குப் பல்வலி என்றார். அப்புறம் ஒரு பெரிய செம்பு நிறையத் தண்ணீர் கொண்டுவந்து என் தலைமாட்டில் வைத்தார்.

"குடி தாயி. இனி வழியில ஒண்ணும் நிக்காது. அம்புட்டுப் பயத்தையும் வயித்துக்குள்ள வச்சிருந்திருக்க, நான் அதப் போயி குணம்னு சொல்லிக்கிட்டுத் திரிஞ்சிருக்கேன்."

இப்போது நானும் மருமகள்கள் எடுத்துவிட்டேன். வாயைத் திறந்து எதையும் கேட்காத பெண், என்ன அடக்கம் பாருங்கள் என்று யாராவது சொன்னால் எனக்குச் சந்தோஷம் வருவதில்லை. இந்த வீட்டில் சேவல் எங்கே நிற்கிறது என்றுதான் முதலில் தேடிப்பார்க்கிறேன்.