ஈரச் சாக்கு

ஆமைகளோடு வேலை செய்ய வேண்டும் என்பது ஏழு வயதிலிருந்து என் கனவு. இன்டர்ன்ஷிப் கிடைத்து, போர்ட் பிளேரிலிருந்து கப்பலில், நடு அந்தமானின் ரங்கத் பக்கத்துக் கடற்கரைக்குப் போனேன். அங்கே ஆமை முட்டைகளுக்குக் காவலிருந்தார் வனத்துறை ஊழியர் ஒருவர். உப்புப் பூத்த காக்கிச் சட்டை, பாதி வெளுத்த மீசை. கடல்நீரில் கை கழுவாமல் எந்தக் குஞ்சையும் தொடமாட்டார். நான் போய்ச் சேர்ந்த அன்றே ஒரு குஞ்சை என் உள்ளங்கையில் வைத்து, கடலில் விடச் சொன்னார். அழுதுவிட்டேன்.

பத்தாம் நாள், பொரிந்து வந்த குஞ்சுகளை அவர் தொட்டியில் போட்டு ஈரச் சாக்கால் மூடினார்.

"நம்ம பெரிய ஆபீசர் சாப் ஃபேமிலியோட நாளன்னைக்கு வராரும்மா. அவங்க கையால விட்டு போட்டோ எடுக்கணுமாம்."

"பொரிஞ்சதும் விடலேன்னா நீந்தத் தெம்பு இருக்காதே அண்ணே! நீங்களா இப்படிப் பண்றீங்க?"

அவர் கோபப்படவில்லை. சாக்கின் மேல் தண்ணீர் தெளித்துக்கொண்டே சொன்னார்.

"அரே, வந்த அன்னைக்கு நீ விட்டியே, அது மட்டும் என்ன, பொரிஞ்ச உடனேயா விட்டோம்? கப்பல் கேன்சலாகி நீ ரெண்டு நாள் லேட்டு. அதுவரைக்கும் இதே தொட்டியிலதான் வச்சிருந்தேன். ஆசையா வர்ற பொண்ணுன்னு சொன்னாங்க."

அந்தக் குஞ்சு நின்று நின்றுதான் கடலுக்குப் போனது. என்னைப் பிரிய மனசில்லை போல என்று அன்று அவரிடமே சொன்னேன். அவரும் சிரித்துத் தலையாட்டினார்.