அப்பா போட்ட சிவப்புக் கோடு

எங்கள் வீட்டில் பொழுது சாய்ந்ததும் விளக்கைப் போடுவது அப்பாவின் உரிமை. சுவிட்சைத் தட்டிவிட்டு, "நம்ம தண்ணி லா இது" என்பார். வடக்கே மலைக்குள் ஆற்றை மறித்து அணை கட்டியபோது நில அளவைக்காரர்களுக்குச் சங்கிலி பிடித்தவர் அவர். தண்ணீர் எதுவரை நிற்கும் என்று மரங்களில் சிவப்புக் கோடு போட்டதும் அவரே. அந்தத் தண்ணீர்தான் இங்கே கிள்ளானில் விளக்காக எரிகிறது, கீழே வயல்களில் இரண்டு போகம் நெல்லாக விளைகிறது என்று வருகிறவர் போகிறவரிடமெல்லாம் அளப்பார். நானும் பள்ளிக்கூடக் காலத்திலிருந்தே அந்தப் பெருமையில் பங்கு கேட்டவள்தான்.

போன மாதம் என் மகளின் கல்யாணம் பேச பிரிக்பீல்ட்ஸில் ஒரு வாழையிலைச் சாப்பாட்டுக் கடையில் இரு வீட்டாரும் உட்கார்ந்தோம். மாப்பிள்ளை வீட்டார் ஸ்ரீ கெம்பாங்கானிலிருந்து வந்திருந்தார்கள். பிள்ளைகள் இருவரும் எப்போதோ முடிவு செய்துவிட்டார்கள். பெரியவர்கள் தலையாட்டுவதுதான் பாக்கி. ரப்பர் தோட்டங்களிலிருந்து வந்த நம் ஆட்கள் கூடினால் முதல் கேள்வி என்னவென்று தெரியாதா? அப்பாதான் கேட்டார்.

"தம்பி, நீங்க எந்த எஸ்டேட்?"

மாப்பிள்ளையின் அப்பா ஒரு பெயரைச் சொல்லிவிட்டு, "இப்ப அது தண்ணிக்குள்ள இருக்கு ஐயா" என்றார்.

பேச்சை மாற்ற நான் ரசம் கேட்டுக் கூப்பிட்டேன். அப்பாவுக்கோ வாயெல்லாம் பல். "அட, நம்ம அணைக்கட்டு! கோடு போட்டதே நான்தான்!" மலையில் சுரங்கம் குடைந்தது, லோரி லோரியாகக் கல் கொட்டியது, மதகை மூடிய அன்று ஆறு அப்படியே நின்றது என்று முழு வரலாறும் அவிழ்ந்தது. மேசைக்கடியில் அவர் காலை மிதித்தேன். மனிதர் நிறுத்தவில்லை.

முடியும்வரை மாப்பிள்ளையின் அப்பா பொறுத்திருந்தார்.

"எங்க அம்மாவ அங்கதான் புதைச்சோம். கோட்டுக்குக் கீழ இருந்த குழியெல்லாம் தோண்டி எலும்ப எடுத்துட்டுப் போனாங்க. அம்மா குழி கோட்டுக்குக் கொஞ்சம் மேல. பெயின்ட் டின்னோட வந்த அண்ணன், இங்க தண்ணி ஏறாது, விட்டுட்டுப் போங்கன்னாரு. எங்கப்பா நம்பிட்டாரு. முதல் மழையிலேயே ஏறிருச்சு."

"தெரியாம சொல்லியிருப்பாரு அண்ணே" என்று நான் முந்திக்கொண்டேன்.

அப்பா இலையைப் பார்த்தபடியே, "தெரியும்மா" என்றார். "மழைக்கு ஏறும்னு தெரியும். இன்னும் குழி தோண்டினா வேலை தாமசமாகும், அப்படிச் சொல்லிருன்னு மேல இருந்தவங்க சொன்னாங்க. சொல்லிட்டேன்."

 எதிரே அந்த மனிதர் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார், வாயில் வைக்கவில்லை. ஐயோ, சம்பந்தம் கெட்டுவிடுமே என்பதுதான் என் மனதில் முதலில் ஓடியது. தண்ணீருக்குள் கிடக்கும் அந்த அம்மாவைப் பற்றி அப்புறம்தான் நினைத்தேன். அப்பாவை நினைத்து வெட்கப்பட்டது போதாதென்று, என்னை நினைத்தும் வெட்கமாகிவிட்டது.

கடைசியில் அவர், "பிள்ளைங்க ஆசைப்பட்டுட்டாங்க, நாள் பாருங்க" என்றார். "கல்யாணத்துல ஐயா இந்தக் கதைய மட்டும் பேச வேணாம்."

"சரிண்ணே" என்று அப்பாவுக்கும் சேர்த்து நானே சொன்னேன்.

வீடு வந்து சேர்ந்தபோது இருட்டத் தொடங்கியிருந்தது. அப்பா கூடத்து நாற்காலியில் உட்கார்ந்தார். சுவிட்சுப் பக்கம் போகவில்லை.

"கல்யாணத்துக்கு நான் வரணுமாம்மா?"

வாங்கப்பா என்று உடனே சொல்லியிருக்க வேண்டும். நான் எழுந்து போய் விளக்கைப் போட்டேன்.