நஸ்ராவின் கீச்சு வண்டி

பாலைவன ஓரத்துச் சினாவ் சந்தையில் நஸ்ராவைத் தெரியாதவர் கிடையாது. மகன் பெயரை வைத்து உம்மு ஹமத் என்று கூப்பிடுவோம். ஐம்பத்தைந்து வயது. கணவர் போன பிறகு அவர் விட்டுப்போன பதினோரு ஒட்டகங்களையும் ஒரு பழைய டீசல் பிக்கப்பையும் ஒற்றை ஆளாகக் கட்டி மேய்த்தார். இரண்டில் எது அதிகம் படுத்தியது என்று கேட்டால் பிக்கப் என்றுதான் சொல்வார்.

அவருக்கு ஒரே பெருமை, குரல். மற்றவர்கள் மணல்மேடுகளில் நாள் முழுக்க ஒட்டகம் தேடி அலைவார்கள். நஸ்ரா வண்டியை ஓட்டிக்கொண்டே ஜன்னல் வழியாகத் தலையை நீட்டி, "ஹோய்... தா தா தா" என்று கத்துவார். எந்தப் பள்ளத்தில் கிடந்தாலும் பதினொன்றும் ஓடி வந்துவிடும்.

வியாழக்கிழமைச் சந்தையில் இதைச் சொல்லியே ஆண்களைச் சீண்டுவார். "உங்களுக்கெல்லாம் அல்லா மீசையக் குடுத்தான், எனக்குத் தொண்டையக் குடுத்தான். ஒட்டகம் எதுக்கு வருது பாத்தீங்கள்ல?"

நான் சுவைலிம். சந்தைக்குப் பின்னால் மெக்கானிக் ஷெட் வைத்திருக்கிறேன். எஞ்சின் விஷயத்தில் எனக்குக் கொஞ்சம் திமிர் உண்டு, மறைப்பானேன். சத்தம் போடும் வண்டி ஒன்று என் வாசலைத் தாண்டிப் போனால் யாரோ என்னைத் திட்டிவிட்டுப் போனது மாதிரி இருக்கும். நஸ்ராவின் பிக்கப் வருடக்கணக்காக அப்படித் திட்டிக்கொண்டிருந்தது. பெல்ட்டை இழுத்துப் பிடிக்கும் டென்ஷனர் கப்பியில் பேரிங் தேய்ந்துபோய், 'கீ...ச்' என்று காதைக் கிழிக்கும். மாற்றிவிடலாம் என்று சொன்னால், "ஓடுதுல்ல? உன் கண்ணு பட்டுத்தான் நிக்கப்போவுது" என்று போய்விடுவார்.

நோன்புப் பெருநாள் லீவுக்கு மஸ்கட்டிலிருந்து மகன் ஹமத் வந்தான். அம்மாவிடம் சொல்லாமல் வண்டியைக் கொண்டுவந்து நிறுத்தினான்.

"பெல்ட் அறுந்தா அம்மா நடு மணல்ல மாட்டிக்கும், சுவைலிம். நான் டூட்டிக்குக் கிளம்புறதுக்குள்ள முடிச்சுக் குடுங்க."

எனக்குக் கை ஊறியது. டென்ஷனரில் ஸ்பேனரைப் போட்டுத் திருப்பி, பெல்ட்டைத் தளர்த்திக் கழற்றினேன். கப்பியை விரலால் சுற்றினால் கரகரவென்று அரைத்தது. பிடித்து ஆட்டினால் ஆடுபல் மாதிரி ஆடியது. நடு போல்ட்டைக் கழற்றிப் பழையதைப் பழைய இரும்பு டிரம்மில் எறிந்துவிட்டுப் புதியதை மாட்டினேன். பெல்ட் ஒவ்வொரு கப்பியின் பள்ளத்திலும் சரியாக உட்கார்ந்திருக்கிறதா என்று இரண்டு தடவை பார்த்துவிட்டு ஸ்டார்ட் செய்தேன். சத்தமே இல்லை.

"போய்க் காட்டுடா. வண்டி நிக்குதா ஓடுதான்னு உங்கம்மாவுக்கே தெரியாது" என்றேன். அன்றைக்குச் சாப்பாடுகூட ருசியாக இருந்தது.

நான்காம் நாள் காலை நஸ்ரா வந்து இறங்கினார்.

"செய்தி உண்டா, உம்மு ஹமத்?"

"செய்தி ஒன்னுமில்ல, எல்லாம் நலம். உங்கிட்ட?"

"எங்கிட்டயும் நலம்."

தலை போகிற காரியமானாலும் எங்கள் பக்கத்தில் இதைச் சொல்லிவிட்டுத்தான் மற்றது. கணவர் இறந்த அன்றும் நஸ்ரா இதே வாசலில் நின்று, "செய்தி ஒன்னுமில்ல, நலம்" என்று முறையாகச் சொல்லிவிட்டுத்தான், "அவர் போயிட்டார்டா" என்றார்.

"மூணு நாளா ஒரு ஒட்டகம்கூட வரலடா." தொண்டை கட்டிப்போய், பாதி காற்றுதான் வந்தது. "மயாசா இன்னைக்கோ நாளைக்கோ ஈனப்போறவ. பெரிய ரோட்டுப் பக்கம் போயிட்டாளோன்னு பயமா இருக்கு. எவ்வளவு கத்தியும் வரமாட்டேங்குறா."

மயாசா, அவர் கணவர் கையால் பால் ஊற்றி வளர்த்த கடைசிக் குட்டி. அந்த ரோட்டில் லாரிகள் எப்படிப் போகும் என்பது எனக்குத் தெரியும். ஷெட்டைச் சாத்திவிட்டு அவருடன் கிளம்பினேன். வண்டி வழுக்கிக்கொண்டு போனது. அந்த நேரத்திலும் என் வேலையை நானே மெச்சிக்கொண்டேன், வெட்கக்கேடு.

ஒரு மேட்டைத் தாண்டியதும் மூன்று ஒட்டகங்கள் கண்ணெதிரே நின்றன. அவருடையவைதான். நஸ்ரா தலையை நீட்டி, இருக்கிற குரலையெல்லாம் திரட்டி, "ஹோய்... தா தா தா" என்றார். ஒன்றுகூடத் தலையைத் தூக்கவில்லை. வண்டியை நிறுத்தி இறங்கி, மறுபடி கத்தினார். முள்ளைக் கடித்துக்கொண்டு அப்படியே நின்றன.

"எம்மேல கோவமாடா இதுங்களுக்கு? நான் என்ன பண்ணேன்?"

அப்போது மேட்டுக்கு அந்தப் பக்கம் யாருடையதோ ஒரு பழைய தண்ணீர் வண்டி ஏறி வந்தது. அதன் பெல்ட் 'கீ...ச்' என்று கதறியது. மூன்று ஒட்டகங்களும் கழுத்தை நிமிர்த்தின. அடுத்த நொடி நாலுகால் பாய்ச்சலில் அந்தத் தண்ணீர் வண்டியை நோக்கி ஓடின.

நஸ்ரா ஓடுகிற ஒட்டகங்களைப் பார்த்தார். பிறகு தன் வண்டியின் பானெட்டைப் பார்த்தார். பிறகு என்னை.

"என் வண்டியில என்னடா பண்ணே?"

"கப்பி மாத்தினேன். சத்தம் வந்துச்சுன்னு... ஹமத்தான்..."

"அப்போ இத்தனை வருஷமா..."

மணலில் உட்கார்ந்துவிட்டார். திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். ஒரு கையை மடியில் போட்டுக்கொண்டு, மறு கையால் தொண்டையைத் தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார். எனக்கு என் கையை வெட்டிக்கொள்ளலாம் போல இருந்தது.

ஷெட்டுக்குத் திரும்பி இரும்பு டிரம்மைக் கவிழ்த்தேன். நல்லவேளை, பழைய கப்பி அடியில் கிடந்தது. புத்தம் புதியதைக் கழற்றி, செத்ததை என் கையாலேயே மாட்டினேன். இப்படி ஒரு வேலையை நான் அதற்கு முன்பும் செய்ததில்லை, பின்பும் செய்ததில்லை. சாவியைத் திருப்பியதும் தெருவே திரும்பிப் பார்த்தது.

என்னைப் பக்கத்தில் ஏற்றிக்கொண்டு நஸ்ரா மணலுக்குள் ஓட்டினார். மேட்டுக்கு மேடு ஒட்டகங்கள் எங்கிருந்தோ முளைத்துப் பின்னால் ஓடி வந்தன. எண்ணினேன், பத்து. பெரிய ரோடு வந்தபோது பெல்ட் கருகும் வாடை அடித்தது.

"நிறுத்துங்க, பெல்ட் போயிடும்."

"போகட்டும்."

ரோட்டுக்கு அந்தப் பக்கம், காஃப் என்கிற வன்னி மரத்தடியிலிருந்து மயாசா எழுந்தாள். சரிந்த வயிற்றைத் தூக்கிக்கொண்டு நேராக எங்களை நோக்கி நடந்தாள். இடது பக்கம் கல் ஏற்றிய லாரி ஒன்று அடித்துக்கொண்டு வந்தது.

"வராதே! நில்லு! மயாசா, நில்லுடி!" என்று நஸ்ரா கதறினார். அவள் நிற்கவில்லை. முன்கால் தார் மேல் விழுந்துவிட்டது.

நஸ்ரா சாவியைத் திருப்பி எஞ்சினை அணைத்தார்.

கீச்சு நின்றது. மயாசாவும் நின்றாள், தேடுகிற பொருள் சட்டென்று காணாமல் போனது போல. லாரி அவள் மூக்குக்கு ஒரு முழம் தள்ளிப் பறந்தது. மணல் அடங்கியதும் நஸ்ரா மறுபடி ஸ்டார்ட் செய்தார். மயாசா ரோட்டைத் தாண்டி வந்து பானெட்டை முகர்ந்தாள். நஸ்ராவை அல்ல, பானெட்டை.

விடிவதற்குள் ஒரு பெட்டைக் குட்டி பிறந்தது. மறுநாள் நஸ்ரா வண்டியை என் ஷெட்டில் நிறுத்தினார்.

"புதுசையே மாட்டிடு. பழைய கூட்டத்துக்கு ஹாரன் அடிச்சுப் பழக்கிக்கிறேன். இந்தக் குட்டி வண்டிச் சத்தமே கேக்கக் கூடாது."

அதன்பிறகு அவர் சந்தையில் யாரையும் சீண்டவில்லை. காரணம் தெரியாமல் ஆண்கள் குழம்பினார்கள், நானும் சொல்லவில்லை. தினமும் வண்டியை மேட்டுக்குப் பின்னால் விட்டுவிட்டு, தீவனத்தைத் தலையில் சுமந்து, அந்தக் கொதிக்கிற மணலில் அம்மா குட்டியிடம் நடந்தே போவதாக ஹமத் போனில் புலம்பினான்.

ஐந்து மாதம் கழித்து ஒரு காலை. ஒரு லாரிக்கு அடியில் படுத்திருந்தேன். பக்கத்தில் இரண்டு கால்கள் வந்து நின்றன, முழங்கால் வரை மணல்.

"செய்தி உண்டா, உம்மு ஹமத்?" என்றேன்.

வழக்கமான 'செய்தி ஒன்னுமில்ல' வரவில்லை. வெளியே வந்து பார்த்தேன். தண்ணீர் வண்டியைப் பார்த்த அன்று அவர் கண்ணில் இருந்த அதே அதிர்ச்சி.

"குட்டி வந்துருச்சுடா," என்றார். "கூப்பிட்டேன். வந்துருச்சு."