ஊசியின் மேல் சீட்டு

ஆந்தை அந்துப்பூச்சிகளில் அகான்டியினே என்றொரு துணைக்குடும்பம் உண்டு. குட்டிப் பூச்சிகள், இலைமேல் உட்கார்ந்தால் காக்கை எச்சம் என்று யாரும் தொடமாட்டார்கள். எங்கே சேர்ப்பது என்று தெரியாத சின்னப் பூச்சிகளையெல்லாம் அந்தக்காலத்தில் அதற்குள்தான் தள்ளியிருந்தார்கள். விருந்தாளி வந்தால் சாமான்களை அள்ளி ஒரே அறையில் போட்டு மூடுவோமே, அப்படி.

நானும் என் தோழியும் ஒன்றாக விலங்கியல் படித்தோம். அவள் கல்லூரி ஆசிரியை ஆனாள். நான் மாகறலில் மூன்று மாட்டுக்கும் கொஞ்சம் நெல்லுக்கும் முதலாளி ஆனேன். பூச்சிக் கிறுக்கு மட்டும் போகவில்லை. ஊறுகாய் பாட்டிலில் புழு வளர்ப்பேன். வரப்புத் துத்தியைத் தின்ற புழு மண்ணுக்குள் போய்க் கூட்டுப்புழு ஆனது. நெற்பயிரைத் தின்றது இலையை முக்கோணமாக மடித்து, கத்தரித்து, அதற்குள் அடைந்தது. இரண்டும் அகான்டியினே என்றது எங்கள் பழைய புத்தகம்.

"நெல்லுப் பூச்சி இந்த வூட்டுது இல்லடி," என்றேன் தோழியிடம்.

அவள் சிரித்தாள். "புழுவ வெச்சி குடும்பம் பிரிக்கிறியா? மொதல்ல பெட்டியக் குடு."

கொடுத்தேன். வளர்த்த பூச்சிகளை ஊசியில் குத்திவைத்த பெட்டி, ஆறு வருஷ உழைப்பு. ஒவ்வொரு பூச்சியின் ஊசியிலும் இரண்டு சீட்டு குத்துவது வழக்கம். கீழ்ச் சீட்டில் பூச்சியின் பெயர், குடும்பம். விவரம் தெரிந்த எவரும் அதை மாற்றலாம். மேல் சீட்டில் ஊர், தேதி, தின்ற செடி, வளர்த்தவர் பெயர். அதில் யாரும் கைவைக்க மாட்டார்கள். அந்த நம்பிக்கையில் நான் தனியாக நோட்டுகூடப் போடவில்லை.

போன மார்கழியில் அவள் கல்லூரிக் கருத்தரங்குக்குப் போனேன். நெல் பூச்சியை அகான்டியினேயிலிருந்து வெளியே எடுக்கவேண்டும் என்று மேடையில் பேசினாள். அவள் சொன்ன காரணம், புழு மடிக்கும் அந்த முக்கோண இலை. எல்லோரும் கைதட்டினார்கள். கூறுகெட்டவள், நானும் தட்டினேன்.

பிறகு அவள் அறையில் என் பெட்டியைத் திறந்தேன். மேல் சீட்டெல்லாம் புதிதாக அச்சடித்தது. ஊர் மாகறல். தேதி என் தேதி. வளர்த்தவர், அவள். எங்கள் ஊருக்கு ஒருநாள்கூட வந்தவளில்லை.

"இன்னாடி இது?"

"உன் கையெழுத்து யாருக்கும் புரியலடி. இதுக்குப் போயி பேஜார் பண்ணிக்கினு," என்று தோளில் தட்டினாள். "அந்த நெல்லுப் புழு இன்னும் கொஞ்சம் வோணும். வளத்துக் குடுக்கிறியா?"

அவள் துரோகம் இருக்கட்டும், என் வாயை என்ன சொல்ல?

"எத்தினி வோணும்?" என்றுதான் அது கேட்டது.