எங்கள் தோட்டத்துக்கு வந்த எங்கள் கம்பனி

எண்பதுகளின் நடுப்பகுதி அது. பூண்டுலோயாவுக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்தில் நான் மருத்துவமாதுவாக வேலை பார்த்தேன். கணவர் டவுன் பள்ளிக்கூடத்தில் ஆசிரியர். குடியிருந்தது தோட்டம் கொடுத்த குவாட்டர்ஸில். என் வேலை முடிந்தால் அதை விட்டு இறங்க வேண்டியதுதான். அதற்குள் ஹட்டன் பக்கம் ஒரு துண்டுக் காணி வாங்கிவிட வேண்டும் என்பதே எங்கள் இருவருக்கும் நினைப்பு.

கொழும்பில் கம்பியூட்டர் புரோகிராம் எழுதுகிற புதுக் கம்பனி ஒன்று பங்கு விற்பதைக் கணவர் பேப்பரில் பார்த்தார். இனி எல்லாமே கம்பியூட்டர்தான் என்று எல்லோரும் பேசிக்கொண்டிருந்த காலம். சீட்டுப் போட்டுச் சேர்த்ததை அப்படியே அதில் கொட்டினோம். நான் அதுவரை கம்பியூட்டரைக் கண்ணால்கூடப் பார்த்ததில்லை.

முதல் வருஷம் ஒன்றும் வரவில்லை. அப்புறம் பங்கு விலை இறங்க ஆரம்பித்தது. தோட்டச் சம்பளக் கணக்குக்கு ஒரு புரோகிராம் தயாராகிறது, அது மட்டும் பிடித்துவிட்டால் கம்பனி நிமிர்ந்துவிடும் என்றார்கள். பங்குக்காரர் கூட்டத்துக்குப் போன கணவர், சீக்கிரம் அதை வெளியே விடுங்கள் என்று மற்றவர்களோடு சேர்ந்து சத்தம் போட்டுவிட்டு வந்தார்.

கொஞ்ச நாளில் அந்தப் புரோகிராமைச் சோதித்துப் பார்க்க அவர்கள் வந்தது எங்கள் தோட்டத்துக்கே. எனக்குத் தலைகால் புரியவில்லை. பங்கு வைத்திருப்பதை யாரிடமும் சொல்லிக்கொள்ளவில்லை. பெட்டிகளோடு வந்திறங்கியவர் யாழ்ப்பாணத்து இளைஞர். பனியும் குளிரும் பழக்கமில்லாமல் இருமிக்கொண்டே வேலை செய்தார். தினமும் அவருக்குச் சாப்பாடு அனுப்பினேன். பாசம் பாதி, பங்கு பாதி என்று கணவர் சிரிப்பார்.

சம்பள நாள் வந்தது. ஆபீஸ் வாசலில் கூச்சல் கேட்டுப் போனேன். லெட்சுமி என்ற பெண்ணுக்குச் சம்பளமே விழவில்லை. பிள்ளை பெற்று வீட்டில் இருப்பதாகக் கம்பியூட்டர் காட்டியது. இவளிடம் கைக்குழந்தையும் இருந்ததால், வேலைக்கு வராமல் ஏமாற்றப் பார்க்கிறாள் என்றார் பெரிய கிளாக்கர். தோட்ட மேனேஜர் பெரியதுரை என்னைப் பார்த்து, உங்களுக்குத் தெரியுமே, இவள் வேலைக்கு வந்தாளா என்று கேட்டார். கம்பியூட்டரைத் தோட்டம் எடுப்பதா வேண்டாமா என்று அவர் முடிவு சொல்ல இருந்ததும் அன்றைக்குத்தான்.

“நீங்களே சொல்லுங்க மிஸி, மழையிலயும் நான் மலைக்குப் போனேனா இல்லையா?” என்றாள் அவள்.

தினமும் காலையில் பிள்ளைக் காம்பராவில் குழந்தையை விட்டுவிட்டுக் கொழுந்து பறிக்கப் போனவள் அவள். ஏதோ சின்னப் பிசகு, இவளுக்கு மட்டும் திருத்திக் கொடுங்கள் என்று சொல்லியிருக்கலாம். அது பொய்யும் இல்லை. ஹட்டன் காணி கண்ணில் வந்து நின்றது.

“இவ வேலைக்குப் போனதுதாங்க. புள்ள பெத்து வீட்டுல இருக்கிறது கீழ் லயத்து லெட்சுமி. நம்ம தோட்டத்துல ஒரே பேருல நெறைய பேர் இருக்காங்க. எல்லாரையும் ஒருக்கா பார்த்துடுறது நல்லதுங்க” என்றேன்.

பார்த்தார்கள். ஒரே பெயர் வந்த இடமெல்லாம் ஒருவர் வேலை இன்னொருவர் மேல் ஏறியிருந்தது. பெரியதுரை அன்றைக்கே பழைய முறைக்குப் போகச் சொல்லிவிட்டார்.

சாயங்காலம் அந்த இளைஞர் விடைபெற வந்தார். மனசு கேட்காமல், நாங்களும் அந்தக் கம்பனியில் பங்கு வைத்திருக்கிறோம் என்று சொன்னேன். அவர் மெதுவாகச் சொன்னார்.

“அக்கா, இது இன்னும் முடியேல்லை, கொஞ்சம் பொறுங்கோ எண்டு நான் சொன்னனான். பங்குக்காரர் நெருக்கினம், இனிப் பொறுக்கேலாது எண்டு கம்பனியில அனுப்பிப்போட்டினம்.”

அவர் என்னைக் குத்திக் காட்டவில்லை, நடந்ததைத்தான் சொன்னார். ஆனால் பக்கத்தில் இருந்த கணவர் தலையைக் குனிந்துகொண்டார். கம்பனி எங்களை ஏமாற்றிவிட்டது என்றுதான் அதுவரை நாங்கள் வெந்துகொண்டிருந்தோம். எங்கள் அவசரம் மலை ஏறி வந்து, நான் பிரசவம் பார்த்த பெண்ணின் சம்பளத்தில் கை வைக்கும் என்று யார் நினைத்தது?

அடுத்த வருஷம் கம்பனியை மூடிவிட்டார்கள். போட்டதில் ஒன்றும் திரும்பவில்லை. காணியும் வாங்கவில்லை. ஓய்வுபெற்ற பிறகு ஹட்டனில் வாடகை வீட்டுக்குத்தான் வந்தோம். கணவருக்கு அந்த வருத்தம் கடைசிவரை இருந்தது. எனக்கும் இல்லை என்று சொல்ல மாட்டேன்.

ஆனாலும் இன்றைக்கு யாராவது ஒரு கம்பனியின் பங்கைப் பற்றிப் பேசினால், அது ஏறுமா இறங்குமா என்று கேட்பதற்கு முன்னால், அவர்கள் செய்கிற பொருள் யார் வீட்டு வாசலுக்குப் போய்ச் சேரப்போகிறது என்றுதான் எனக்குக் கேட்கத் தோன்றுகிறது.