நாற்பத்தோராம் அத்தியாயம்

என் அக்கா வீட்டுக்காரரை, அதாவது என் அத்தானை, வாழ்நாளில் பாதி நேரம் நான் கிண்டல் செய்திருக்கிறேன். மீதி நேரம் திட்டியிருக்கிறேன். இரண்டுக்கும் அவர் ஒரே மாதிரிதான் சிரிப்பார். தானுண்டு தன் வேலையுண்டு என்று இருக்கிற மனிதர். ஊமை ஊரைக் கெடுக்கும் என்று சும்மாவா சொன்னார்கள்?

நீதிமன்றத்தில் இருபத்திரண்டு வருடம் வாக்குமூலம் தட்டச்சு செய்தவர் அவர். சாட்சிக் கூண்டில் நிற்பவன் "கதவு கொஞ்சம் திறந்திருந்தது" என்று சொன்னால், எத்தனை விரற்கடை என்று கேட்க இவருக்கு வாய் துறுதுறுக்குமாம். ஓய்வு பெற்றதும் சொந்தமாக ஒரு நாவல் எழுதினார். எட்டுப் பதிப்பகங்கள் திருப்பி அனுப்பின. ஒன்பதாவது பதிப்பகம் அவரைப் பெரியவரிடம் அனுப்பிவைத்தது.

பெரியவர் என்றால் மர்ம நாவல் பெரியவர். பேருந்தில் ஏறினால் நாலு பேர் கையிலாவது அவர் புத்தகம் இருக்கும். வருடத்துக்கு ஒன்பது நாவல். ஒரு மனிதன் வருடத்துக்கு ஒன்பது நாவல் எழுதினால் எப்போது சாப்பிடுவான், எப்போது குளிப்பான் என்று எந்த வாசகனும் யோசிப்பதில்லை. எழுதுவது ஐந்து பேர், அதில் அத்தானும் ஒருத்தர். பெரியவர் முப்பது பக்கத்தில் கதைச் சுருக்கம் கொடுப்பார், அத்தியாயத்துக்கு ஓரிரு வரி. அதை இவர்கள் நூறு அத்தியாயமாக விரிக்க வேண்டும். எதுவும் மூன்று பக்கத்தைத் தாண்டக் கூடாது, கடைசி வரியைப் படித்தவன் பக்கத்தைத் திருப்பாமல் இருக்கவும் கூடாது. எழுதி அனுப்பியதைப் பெரியவர் பச்சை மையால் திருத்துவார். பிடிக்காவிட்டால் ஓரத்தில் ஒரே குறிப்புதான்: 'உயிர் இல்லை.' அட்டையில் அவர் பெயர் மட்டும் இருக்கும். இன்ன புத்தகத்தை நான்தான் எழுதினேன் என்று வெளியே சொல்ல மாட்டேன் என ஐந்து பேரிடமும் கையெழுத்து வாங்கியிருந்தார்கள். பாடு ஒருத்தருக்கு, பேர் ஒருத்தருக்கு.

வெளியே சொல்லக் கூடாதுதான். வீட்டுக்குள் தெரியாமல் இருக்குமா? அக்காவுக்குத் தெரியும், எனக்குத் தெரியும், அவர்களுடைய ஒரே மகளுக்குத் தெரியும். அவளைக் கட்டியவனுக்கும் தெரியும். ஒவ்வொரு புத்தகத்தையும் வந்த அன்றைக்கே வாங்கிப் படித்துவிட்டுத் தொலைபேசியில் கூப்பிடுவான். "மாமா, இந்தத் தடவை கொலைகாரனை ரெண்டாவது அத்தியாயத்துலயே புடிச்சுட்டேன். ஆனாலும் கடைசிவரைக்கும் கீழ வைக்க முடியல. நீங்க எங்கயோ இருக்க வேண்டிய ஆளு." அன்று முழுக்க அத்தான் தரையில் நடக்க மாட்டார். உலகத்தில் அவரை எழுத்தாளர் என்று மதித்துப் பேசிய ஒரே ஆள் அவன்தான்.

அவன்தான் எங்கள் பெண்ணை அடித்துக்கொண்டிருந்தான். நாலு வருடமாக அவள் யாரிடமும் வாயைத் திறக்கவில்லை. ஒரு நாள் மத்தியானம் ஒரே ஒரு பையோடு என் வீட்டு வாசலில் வந்து நின்றாள். அப்பா வீட்டுக்குப் போனால் அவன் முதலில் அங்குதான் தேடி வருவான் என்று அவளுக்குத் தெரிந்திருக்கிறது. ஊரின் மறுகோடியில் எனக்குப் பழக்கமான ஒரு அம்மா சலவைக் கடை வைத்திருந்தார். அங்கே துணி தேய்க்கிற வேலை, கடைக்கு மேலேயே ஓர் அறை. இடம் தெரிந்தவர்கள் நாங்கள் மூன்று பேரும் கடைக்கார அம்மாவும்தான். "செத்தாலும் வெளிய வராது" என்றாள் அக்கா. அத்தான் தலையை ஆட்டினார்.

ஞாயிற்றுக்கிழமைதோறும் அத்தான் இரண்டு பேருந்து மாறிப் போய் மகளைப் பார்த்துவிட்டு வந்தார். அம்மாவிடம் சொல்லாததை, என்னிடம் சொல்லாததை எல்லாம் அவள் அவரிடம் சொன்னாள். அவர் குறுக்கே பேச மாட்டார், அழ மாட்டார், கேட்டுக்கொண்டே இருப்பார். அப்படிக் கேட்க ஓர் ஆள் கிடைத்தால் யாருக்குத்தான் பேசத் தோன்றாது? அப்பாவிடம் பேசிய பிறகுதான் கொஞ்சம் தூக்கம் வருகிறது என்று என்னிடம் அவளே சொன்னாள். அதைக் கேட்டு நான் சந்தோஷப்பட்டேன்.

அந்த நேரத்தில்தான் அவருக்கு நாற்பத்தோராம் அத்தியாயம் வந்தது. பெரியவர் கொடுத்த சுருக்கம் இவ்வளவுதான்: 'கதாநாயகி ஒளிந்திருக்கிறாள். பயப்படுகிறாள்.' அத்தான் ஒரு குகையில் ஒளித்துவைத்தார். உயிர் இல்லை. பாழடைந்த பங்களாவில் ஒளித்துவைத்தார். உயிர் இல்லை. மூன்றாவதாக ஒரு கப்பலில். அதுவும் பச்சை மையோடு திரும்பி வந்தது. கெடு முடிய நாலு நாள்தான் இருந்தது. நாலாவது முறை அனுப்பியதற்குப் பெரியவர் 'அபாரம்' என்று எழுதியிருந்தார். அந்தத் தாளைக் கொண்டுவந்து அக்காவிடமும் என்னிடமும் காட்டினார். பச்சை மையை மட்டும் பார்த்தோம். உள்ளே என்ன எழுதியிருக்கிறார் என்று நாங்கள் படிக்கவில்லை.

நான் ஒரு பல் மருத்துவமனையில் வரவேற்பு மேசையில் வேலை பார்க்கிறேன். புத்தகம் வெளிவந்த பிறகு ஒரு வியாழக்கிழமை, கூட்டம் இல்லாத நேரத்தில், ஒரு நோயாளி விட்டுப்போன பிரதியைப் புரட்டினேன். நாற்பத்தோராம் அத்தியாயத்தில் ஒரு பெண் சலவைக் கடைக்கு மேல் அறையில் இருக்கிறாள். தேய்க்கிற ஆவி பலகை இடுக்கு வழியாக மேலே வருகிறது. படிகள் பதினாலு, ஒன்பதாவது படி கிரீச்சிடும். கதவுக் கைப்பிடிக்கு அடியில் நாற்காலியை முட்டுக் கொடுத்துவிட்டுத்தான் படுக்கிறாள். ஜன்னலுக்கு நேரே பேருந்துப் பணிமனை, அதன் கோபுரத்தில் நாலு இருபதில் நின்றுபோன கடிகாரம். ஊரிலேயே நின்றுபோன கடிகாரம் உள்ள பணிமனை அது ஒன்றுதான்.

யாரிடமும் சொல்லிக்கொள்ளாமல் ஆட்டோ பிடித்து அக்கா வீட்டுக்கு ஓடினேன். அத்தான் மேசையில் அடுத்த சுருக்கத்தை வைத்து எழுதிக்கொண்டிருந்தார்.

"என்ன அத்தான் இது?" என்று புத்தகத்தை முன்னால் போட்டேன்.

பார்த்தார். "பேரை மாத்திட்டேனே. ஊர்ப் பேரு கூட இல்லையே."

"கடிகாரத்தை மாத்தினீங்களா? படியை மாத்தினீங்களா?"

"உயிர் இல்லைன்னு மூணு தடவை திருப்பிட்டாரும்மா." புத்தகத்தின் அட்டையைத் திருப்பிக் காட்டினார். "அதுவுமில்லாம அட்டையில அவர் பேருதானே இருக்கு? நான்தான் எழுதினேன்னு யாருக்குத் தெரியப் போகுது?"

"யாருக்கா? உங்க மாப்பிள்ளைக்குத் தெரியுமே!"

அவர் முகம் போன போக்கை என்னால் எழுத முடியாது. தன் பெயர் இல்லாத இடத்தில் தானும் இல்லை என்று அவர் அத்தனை வருடமாகப் பழகிவிட்டிருந்தார். சொந்தச் செலவில் சூனியம் வைத்துக்கொள்வது என்பார்களே, அதைச் சொந்த மகளுக்கு வைத்துவிட்டார்.

"புத்தகம் வந்து எத்தனை நாளாச்சு?"

"ஒன்பது நாள்."

சலவைக் கடைக்குத் தொலைபேசி போட்டேன். கடைக்கார அம்மா எடுத்ததுமே அழுதார். "இப்பத்தாம்மா ஆம்புலன்ஸ்ல ஏத்திவிட்டோம்."

பதினோரு மணிக்கு, வாடிக்கையாளர் மாதிரி கையில் இரண்டு சட்டையோடு வந்திருக்கிறான். அவள் குனிந்து தேய்த்துக்கொண்டிருந்தாள். நிமிர்வதற்குள் இஸ்திரிப் பெட்டியைப் பிடுங்கி அவள் வலது கையை மேசையோடு அழுத்தி அதன்மேல் வைத்துவிட்டான். கடைக்கார அம்மாவும் தெருவில் போனவர்களும் சேர்ந்து அவனை இழுத்துப் போட எவ்வளவு நேரம் ஆனது என்று நான் கேட்டுக்கொள்ளவில்லை.

சாயந்தரம் அத்தானும் நானும் காவல் நிலையத்துக்குப் போனோம். அவன் பையில் இருந்த புத்தகம் மேசைமேல் இருந்தது, ஒரு பக்கம் மடக்கியிருந்தது. "எப்படி இடத்தைக் கண்டுபிடிச்சேன்னு கேட்டா இதைக் காட்டுறான்" என்றார் எழுத்தர். "இது அந்தப் பெரிய ஆள் எழுதின கதை. இதுக்கும் உங்க பொண்ணுக்கும் என்ன சம்பந்தம்?"

அத்தான் மடக்கியிருந்த பக்கத்தைப் பிரித்துப் பார்த்தார். பிறகு, "அவர் எழுதலைங்க. நான் எழுதினது" என்றார்.

"நீங்களா?"

"நான்தான்."

எழுத்தர் அதை வாக்குமூலத்தில் எழுதிக்கொண்டார். அத்தான் வாசித்துப் பார்த்துக் கையெழுத்துப் போட்டார். மறுநாள் பெரியவரின் மேலாளர் கூப்பிட்டு, ஒப்பந்தத்தை மீறியதற்காக இனி வேலை இல்லை என்றார். யார் சொல்லி அவருக்குத் தெரிந்தது என்று இவர் கேட்கவில்லை. மகளைப் பற்றி அவரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

அவளுக்கு இரண்டு விரல் மடங்கவில்லை. அவன் ஜாமீனில் வருவதற்குள் வேறு ஊருக்குப் போய்விட்டாள். போகும் முன் ஆஸ்பத்திரியில் அக்காவிடமும் என்னிடமும் ஒன்றே ஒன்று கேட்டாள். "அப்பாகிட்ட மட்டும் சொல்லாதீங்க, சித்தி. எந்த ஊருன்னு கூட. நான் அங்க பேசினதெல்லாம் அவர்கிட்ட மட்டும்தான் பேசினேன்."

மாதத்துக்கு ஒரு முறை அக்காவும் நானும் போய்ப் பார்த்துவிட்டு வருகிறோம். எங்கே போகிறோம் என்று அத்தான் கேட்பதில்லை. பயணச்சீட்டைக்கூட அக்கா வழியிலேயே கிழித்துப் போட்டுவிடுவாள். போன மாதம் திரும்பி வந்து சாப்பிட உட்கார்ந்தபோது முதல் முறையாக வாயைத் திறந்தார்.

"கை எப்படி இருக்கு அவளுக்கு? எழுத வருதா?"

அக்கா என்னைப் பார்த்தாள். எனக்கு எங்கிருந்து அந்தக் கோபம் வந்ததோ.

"எதுக்குக் கேக்கறீங்க அத்தான்? எழுதறதுக்கா?" என்றேன்.

அந்தச் சிரிப்பு வரவில்லை. பாதிச் சாப்பாட்டில் எழுந்து தட்டைக் கழுவி வைத்துவிட்டு உள்ளே போனார். அப்படிக் கேட்டிருக்கக் கூடாது என்று எனக்குத் தெரியும். ஆனால் அவர் பின்னாலேயே போய், கை தேவலை, இடது கையால் எழுதப் பழகிக்கொண்டிருக்கிறாள் என்று ஒரு வரி சொல்லியிருக்கலாம். நான் சொல்லவில்லை. அக்காவும் சொல்லவில்லை.